அந்தப் பிராணிக்குக் காது மட்டும்தான்

நிலவறைக்கு இறங்கும் மரப்படியில் ஓர் ஆணி செங்குத்தாக நிற்கிறது. துணிமூட்டையை மேலே இழுத்துப்போன கர்ப்பிணியின் கையில் மூட்டை எதிலோ மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தாள், ஆணி நிமிர்ந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நாம் கவனித்துவிட்டோம். ஜான் கிராசின்ஸ்கி இயக்கிய 'எ கொயட் பிளேஸ்' (2018) படத்தில் அதற்குப் பிறகு யார் அந்தப் படியை நெருங்கினாலும் நம் கால்விரல்கள் தாமாக மடங்கிக்கொள்கின்றன. வெளியே திரிகிற கொடும்பிராணிகளுக்குக் கண் இல்லை, செவி மட்டும் அபாரம். வாய்விட்டு ஓர் 'ஐயோ' சொன்னால் உயிர் போய்விடும். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள்.

பிராணித் திகில் படங்கள் என்றால் பல், நகம், எச்சில், உருவத்தின் பருமன் என்றே பேச்சு ஓடும். கடந்த பத்தாண்டுகளில் நம்மை உண்மையாகவே ஆட்டிவைத்த படங்களைப் பார்க்கும்போது எனக்குப் படுவது வேறு. இயக்குநர் தன் பிராணிக்கு எந்தப் புலனைக் கூர்மையாக்கித் தருகிறாரோ, அந்த வழியை நமக்கு அடைத்துவிடுகிறார். சத்தத்தைத் தேடிவரும் பிராணி என்றால் வாயைத் திறக்க அஞ்சுகிறோம். பார்வையைத் தேடிவரும் பிராணி என்றால் நிமிர்ந்து பார்க்க அஞ்சுகிறோம். ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய விதி. கதாபாத்திரத்தோடு சேர்ந்து நம் உடம்பும் அதற்குக் கீழ்ப்படியத் தொடங்கிவிடுகிறது. இந்தப் படம் ஓடிய தியேட்டர்களில் பாப்கார்னை மெல்லக்கூடத் தயங்கினோம் என்று பலர் சொன்னதில் மிகையில்லை.

இப்படிக் காத்திருக்கும் நேரத்தில் தலைக்குள் என்ன நடக்கிறது? பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் படுத்திருந்தவர்களுக்குத் திகில் படங்களைப் போட்டுக்காட்டி, முடிவுகளை 2020-இல் வெளியிட்டார்கள். பதற்றம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தபோது, பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உரிய மூளைப் பகுதிகள் சுறுசுறுப்படைந்தன. திடீர் அதிர்ச்சி வந்ததும் உணர்ச்சியையும் ஆபத்தையும் எடைபோடும் பகுதிகள் பொறுப்பேற்றுக்கொண்டன. ஆகவே ஒன்றுமே நடக்காத அந்த நிமிடங்களில்தான் நாம் மிகக் கூர்ந்து பார்க்கிறோம், கேட்கிறோம். மோசமான படங்கள் அந்த நிமிடங்களைப் பின்னணி இசையால் நிரப்பிக் கெடுத்துக்கொள்கின்றன.

அடுத்தது திடுக்கிடல். திடீர் ஓசைக்கு உடல் துள்ளுவது, 'என்ன சத்தம் அது?' என்று நாம் யோசிப்பதற்கு முன்பே நடந்துவிடும் அனிச்சைச் செயல். உட்காதிலிருந்து மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு நரம்புத் தொகுதிக்கும், அங்கிருந்து நேரே தசைகளுக்கும் செய்தி போகிறது. பாதை அவ்வளவு குறுகியது. சுமார் 40 மில்லிநொடிக்குள் இமைத்தசை சுருங்கத் தொடங்கிவிடும். இதற்குப் பயமே தேவையில்லை. காதருகே காகிதப் பையை ஊதி உடைத்தாலும் துள்ளத்தான் செய்வோம். ஆனால் பயத்தை மதிப்பிடும் அமிக்டலாவிலிருந்து அந்தத் தொகுதிக்குத் தொடர்பு இருக்கிறது. ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருக்கும் உயிர், அதே சத்தத்துக்கு இன்னும் பலமாகத் துள்ளும். 1951-இலேயே எலிகளை வைத்து இதைக் காட்டிவிட்டார்கள். பயத்தை வளர்க்காமல் சத்தத்தை மட்டும் வெடிக்கவைக்கும் இயக்குநருக்குக் கிடைப்பது காகிதப் பையின் துள்ளல்தான். பார்வையாளர் அடுத்த நொடி சிரித்துவிடுவார்.

'எ கொயட் பிளேஸ்' படத்தின் ஒலி வடிவமைப்பாளர்கள் எரிக் ஆடால், ஈதன் வான் டெர் ரின் இருவரும் மௌனத்திலேயே பல படிகள் வைத்தார்கள். குடும்பத்தின் மூத்த பிள்ளையான மகளுக்குக் காது கேட்காது. அந்த வேடத்தில் நடித்த மில்லிசென்ட் சிம்மண்ட்ஸுக்கும் அப்படித்தான். காது கேட்க உதவுவதற்காக அவளுக்குப் பொருத்திய காக்ளியர் கருவி இயங்கும்போது மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கிறது. கருவி நின்றுவிட்டால் காற்று, இலை, அறையின் சன்னமான இரைச்சல் எல்லாம் போய் முழு வெறுமை. தியேட்டரில் அந்த நொடியில் பக்கத்து இருக்கைக்காரரின் மூச்சு கேட்கும். பிராணி அவளுக்குப் பின்னால் வந்து நிற்பது நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. திரையில் ஓசை ஏதும் இல்லாத இடத்தில் நாமே ஓசையைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம். பிராணியின் சொடக்கொலிக்கு அவர்கள் திராட்சைப் பழத்தில் மின்னதிர்ச்சிக் கருவியை வைத்துப் பதிவுசெய்தார்கள் என்பது இன்னொரு ருசிகரம்.

காதை மட்டும் நம்பி வேட்டையாடுவது நடக்கிற காரியமா? கூகையைக் கேளுங்கள். கும்மிருட்டில், எலி நகரும் சரசரப்பை மட்டும் வைத்து அது இரையைப் பிடித்துவிடும். அதன் இரு காதுத்துளைகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஓசை இரு காதுகளையும் அடையும் நேர வித்தியாசத்திலிருந்து இடமா வலமா என்பதையும், பலத்தின் வித்தியாசத்திலிருந்து மேலா கீழா என்பதையும் மூளை கணக்கிட்டுக்கொள்கிறது. சீப்புப் பல் போன்ற விளிம்புள்ள சிறகு இறகுகள் பறக்கும் ஓசையை அடக்கிவிடுகின்றன. இரைக்கும் கேட்காது, தன் காதுக்கும் இடைஞ்சல் இல்லை. இந்த வகையில் படத்தின் பிராணி அசடு. தடதடவென்று ஓடி, உறுமி, பொருள்களை உடைத்துக்கொண்டு வருகிறது. அந்த இரைச்சலுக்கு நடுவே எந்தக் காதால் எதைக் கேட்கப்போகிறது?

ஆனால் ஓரிடத்தில் படம் அறிவியலைச் சரியாகப் பிடித்திருக்கிறது. தந்தை மகனை அருவிக்கு அழைத்துப்போய், அதன் இரைச்சலுக்குப் பின்னால் நின்று வாய்விட்டுக் கத்துகிறார்; ஒன்றும் வருவதில்லை. ஓயாத பேரோசை, அதே அலைவரிசையில் உள்ள சிற்றோசையை விழுங்கிவிடும். இதை ஒலிமறைப்பு என்கிறார்கள். இரண்டு ஓசைகளும் உட்காதின் ஒரே பகுதியை அதிரவைப்பதால் சிறியது தனியாகத் தெரிவதில்லை. படம் முழுக்க மூச்சடக்கிய நமக்கும் அங்கேதான் முதன்முதலாகத் தோள் தளர்கிறது.

ஜோர்டன் பீலின் 'நோப்' (2022) விதியைக் கண்ணுக்கு மாற்றுகிறது. அசையாத மேகம் ஒன்றில் ஒளிந்திருக்கும் அந்த உயிர், பறக்கும் தட்டுப் போல இருக்கிறது. தன்னை நிமிர்ந்து பார்ப்பவரை விழுங்குகிறது. சினிமாவுக்கு இதைவிடக் குறும்பான விதி கிடையாது, ஏனென்றால் டிக்கெட் வாங்கி வந்ததே பார்ப்பதற்கு. முறைத்துப் பார்ப்பதைச் சவாலாக எடுத்துக்கொள்ளும் விலங்குகள் உண்மையிலேயே பல உண்டு. எல்லாம் அப்படி இல்லை: சுந்தரவனக் காடுகளில் புலி பின்னாலிருந்துதான் பாயும் என்பதால், 1980-களில் காட்டுக்குள் போனவர்கள் பிடரியில் மனித முகமூடி அணிந்துகொண்டார்கள். அங்கே பார்வைதான் காவல்.

'நோப்' பிராணியின் உடலசைவுக்குச் சொறிமீன்கள் நீந்தும் விதத்தை ஆராய்ந்துவரும், அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டபீரியிடம் ஆலோசனை கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதைவிட அச்சமூட்டியது அது தலைக்கு மேல் கடக்கும்போது காற்றோடு கலந்து வரும் மனித அலறல்கள். சாதாரணப் பேச்சில் ஒலியின் பலம் நொடிக்கு நான்கைந்து தடவை ஏறி இறங்கும். அலறலில் இந்த ஏற்ற இறக்கம் 30 முதல் 150 தடவை வரை வேகமாக நடக்கிறது என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. அந்தக் கரகரப்பு அமிக்டலாவை நேரடியாக உசுப்புகிறது. அபாயச் சங்குகளிலும் அதே கரகரப்புத்தான்.

இந்த உத்தியின் உச்சம் அலெக்ஸ் கார்லண்டின் 'அனைஹிலேஷன்' (2018). நாற்காலியில் கட்டிப்போடப்பட்ட மூன்று பெண்களின் நடுவே கரடி ஒன்று நுழைகிறது. அது வாயைத் திறந்தால், அது கொன்ற தோழியின் குரலில் 'காப்பாற்றுங்கள்' என்று வருகிறது. மனிதக் குரலுக்கென்றே நம் மூளையில் தனிப் பகுதிகள் உண்டு. குரல் கேட்டால் அருகே போகத் தோன்றும். கரடியைக் கண்டால் ஓடத் தோன்றும். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால்? கட்டிப்போட்ட கயிறு அந்தத் தடுமாற்றத்துக்கு வாகாக அமைந்துவிட்டது. அடுக்கடுக்கான பற்களைக் கொண்ட எந்தக் கணினி வரைகலைப் பூதமும் இந்தக் கரடியின் அருகில் வராது.

பெரிய உருவத்துக்குப் பயனே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. தகாஷி யமஸாகியின் 'காட்ஜில்லா மைனஸ் ஒன்' (2023), ஏறக்குறைய 35 பேர் கொண்ட சிறு குழுவின் வேலைக்காகச் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் வாங்கியது. அதில் மறக்க முடியாத கட்டம், கண்ணிவெடி அகற்றும் சிறு மரப்படகை அந்த உருவம் தலையை மட்டும் நீட்டியபடி நீந்தித் துரத்துவது. இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. மூளை ஆய்வாளர் டீன் மாப்ஸ் குழுவினர் 2007-இல் செய்த சோதனையில், ஸ்கேனருக்குள் இருந்தவர்களைக் கணினித் திரையில் ஒரு செயற்கை வேட்டைவிலங்கு துரத்தியது, அகப்பட்டால் மின்னதிர்ச்சி. அது தூரத்தில் இருந்தவரை திட்டமிடும் முன்மூளை வேலைசெய்தது. நெருங்க நெருங்க, பதறி ஓடவைக்கும் நடுமூளைக்கு வேலை கைமாறியது. படகின் காட்சி இந்த மாற்றத்தை அப்படியே நம் உடலில் நடத்திக்காட்டுகிறது.

எவ்வளவு பயம் போதும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. டென்மார்க்கில் ஒரு பேய்வீட்டுக் காட்சிக்கு வந்த 110 பேரின் இதயத்துடிப்பை அளந்த ஆய்வாளர்கள், பயம் குறைந்தாலும் கூடினாலும் ரசிப்பு குறைவதைக் கண்டார்கள். நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் மாறும்.

இந்தப் படங்களை வீட்டில் பார்த்துவிட்டு 'அப்படி ஒன்றும் பயமில்லையே' என்பவர்கள் இரண்டு விஷயங்களைச் சோதிக்கலாம். தியேட்டர் ஒலி மிக மெல்லியதிலிருந்து 100 டெசிபலுக்கு மேல் வரை போக இடம் வைத்துக் கலக்கப்படுகிறது. டிவியில் ஒலியைச் சமப்படுத்தும் இரவு அமைப்பு (நைட் மோட்) இயங்கினால், முணுமுணுப்பு பெரிதாகி, வெடிப்பு சிறிதாகி, எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அதை அணைத்துவிடுங்கள். அடுத்தது மின்விசிறி. படத்தின் மௌனத்தில் பொதிந்திருக்கும் நுண்ணோசைகளை அது ஓயாமல் மூடிக்கொண்டிருக்கும். சித்திரை மாதத்தில் அதையும் அணைக்க யாருக்கும் மனம் வராது. காதை முழுக்க மூடும் ஹெட்போன் ஒன்று இருந்தால் போதும்.