நறுக்கிய காய் ஏன் துவள்கிறது, டிப் ஏன் நீர்க்கிறது

விருந்தினர் வருவதற்கு வெகு நேரம் முன்பே கேரட், வெள்ளரி, குடைமிளகாய் எல்லாம் நறுக்கி அடுக்கிவிட்டால், அவர்கள் வந்து உட்காரும்போது காய்கள் துவண்டிருக்கும். பக்கத்துக் கிண்ணத்தில் காய்களைத் தொட்டுச் சாப்பிடக் கெட்டியாக வைத்த தயிர் டிப்பும் நீர்விட்டிருக்கும். இரண்டுமே தண்ணீர் செய்கிற வேலை.

வெள்ளரியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர்; கேரட்டில் 88. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு கடித்தால் நறுக்கென்று உடைவது எப்படி? செல்லுக்குள் சர்க்கரையும் உப்புகளும் அமிலங்களும் கரைந்திருக்கின்றன. கரைசல் அடர்த்தியாக இருக்கும் பக்கம் நோக்கித் தண்ணீர் சவ்வைத் தாண்டிப் போகும். பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்தான். உள்ளே புகுந்த தண்ணீர் செல் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ள, செல் விறைத்து நிற்கும். நல்ல காயில் இந்த அழுத்தம் கார் டயரின் காற்றழுத்தத்தையே மிஞ்சக்கூடும். பல் பட்டதும் விறைத்த செல்கள் சட்டென்று வெடிக்கின்றன. நமக்குக் கேட்கும் சத்தம் அதுதான்.

நறுக்கிய பரப்பைக் காக்கத் தோல் இல்லை. தண்ணீர் ஆவியாக ஆவியாக அழுத்தம் குறையும். கேரட் குச்சியின் மேல் வெள்ளை பூத்தாற்போலத் தெரிவதும் பெரும்பாலும் அது காய்ந்த அடையாளமே. துவண்டதை ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் போதும், செல்கள் இழந்ததைக் குடித்து மறுபடி விறைக்கும். அந்தத் தண்ணீரில் உப்பு மட்டும் கூடாது. அடர்த்தி வெளியே கூடினால் தண்ணீரும் வெளியே வந்துவிடும். இன்னொன்று, சவ்வு பழுதில்லாமல் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். வெந்த காயை நாள் முழுக்க ஊறவைத்தாலும் பழைய விறைப்பு வராது.

அதனால்தான் ப்ரோக்கோலியையும் பீன்ஸையும் கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் விடுவதில்லை. செல்களுக்கு இடையே இருக்கும் காற்று வெளியேறுவதால் பச்சை பளிச்சென்று தெரியும். இன்னும் விட்டால் காயின் சொந்த அமிலமே பச்சையத்தின் நடுவிலுள்ள மெக்னீசியத்தை வெளியேற்றி, நிறத்தைக் காக்கிப் பச்சையாக்கும். எடுத்ததும் ஐஸ் தண்ணீர்தான். கொஞ்சம் விறைப்பு போகும்தான், ஆனால் வேகாத பீன்ஸை மென்றுகொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

டிப் கதை நேர் எதிர். தயிர் என்பது கேசின் என்ற புரதத்தாலான வலைக்குள் சிக்கிய தண்ணீர். கலக்கினால் வலை அறுந்து தண்ணீர் பிரியும். முன்கூட்டியே துணியில் கட்டி ஃப்ரிட்ஜில் சில மணி நேரம் வடியவிட்டால், காயில் ஒட்டி நிற்கும் பதம் கிடைக்கும். துருவிய வெள்ளரி சேர்ப்பதென்றால் உப்புப் பிசறிப் பிழிந்த பிறகு சேருங்கள். சரி, காய்க்கு உப்பு? டிப்பில் இருப்பதே போதும். தட்டில் தூவினால் பத்து நிமிடத்தில் வெள்ளரி வியர்த்துவிடும்.

தயிர் டிப்பை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சின்னக் கிண்ணத்தில் எடுத்துவைத்து, தீரத் தீர ஃப்ரிட்ஜிலிருந்து புதிதாக எடுத்து வைக்கலாம்.