லைனர்: உறையா, பூச்சா?

பிக்கப், ஜீப் வைத்துக் காடுமேடு சுற்றுகிறவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் 'பெட் லைனர்'. இங்கே 'பெட்' என்பது படுக்கையல்ல, பிக்கப்பின் பின்பக்கச் சரக்குத் தொட்டி. அந்தத் தொட்டியின் தகட்டைக் காக்க உட்புறம் போடுவது 'லைனர்'. அந்தச் சொல் வந்த வழிதான் நீளமானது.

லத்தீனில் 'லினும்' என்றால் ஆளிச்செடி. நாம் ஆளிவிதை வாங்குகிறோமே, அதே ஆளி. அதன் நாரில் நெய்த துணி லினன். உடுப்பின் உட்புறம் லினன் வைத்துத் தைப்பதை ஆங்கிலத்தில் 'லைன்' என்றார்கள். ரவிக்கை தைக்கக் கொடுத்தால் "லைனிங் வைக்கணுமா?" என்று கேட்கிறார்களே, அந்தச் சொல்தான் வண்டித் தொட்டி வரை வந்திருக்கிறது.

தமிழில் உடனே 'உள்ளுறை' என்று போடத் தோன்றும். தொல்காப்பியத்தின் உள்ளுறை உவமம் முதலே பழகிய சொல். தொட்டியின் அளவுக்கு வார்த்து உள்ளே இறக்கி வைக்கும் பிளாஸ்டிக் லைனருக்கு அது பொருந்தும். அதைக் கழற்றி எடுக்கலாம். அடியில் மண்ணும் ஈரமும் தங்கித் தகடு துருப்பிடிக்கும் என்பது அதன் பெரிய குறை. தெளித்து ஒட்டவைக்கும் லைனர் அப்படியல்ல. தகட்டோடு தகடாகிவிடும், கழற்ற முடியாது. அதை உறை என்பது பிழை.

பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசுவதை நினைத்துப் பாருங்கள். பாத்திரத்தைச் சுடவைத்து, நவச்சாரம் போட்டுத் துடைத்த பிறகுதான் ஈயம் பிடிக்கும். இங்கும் அதே கதை: எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, பளபளப்புப் போகத் தேய்க்காவிட்டால் தோல் உரிவதுபோல் உரிந்துவரும். உட்புறத்தில் ஒட்டி நின்று காப்பதற்குத் தமிழ் முன்பே வைத்திருக்கும் சொல் 'பூச்சு'.

தெளிக்கும் பூச்சின் வகைகளைப் பார்ப்போம். பாலியூரித்தேன் சற்று மென்மையானது. தடிமனாக அடித்தால் ரப்பர்போல் பிடிப்புத் தரும், சாமான் வழுக்காது. பாலியூரியா கெட்டியானது, சூடாக்கி உயரழுத்தத்தில் பீச்சினால் சில நொடிகளில் இறுகிவிடும். அதற்கென்று இயந்திரமும் பழகிய கையும் வேண்டும். வீட்டில் செய்ய விரும்புவோர் ராப்டர் என்ற வணிகப்பெயரில் வருவது போன்ற, இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் பூச்சை எடுக்கிறார்கள். முக்கால் லிட்டர் இருக்கும் புட்டியில் கால் லிட்டர் இறுக்கியை (பூச்சை இறுகச் செய்யும் திரவம்) ஊற்றிக் குலுக்கி, தெளிப்புத் துப்பாக்கியைத் திருகிச் சொரசொரப்பாக அடிக்கலாம். வண்ணமும் சேர்க்கலாம். ஆனால் பூச்சின் தடிமன் குறைவு, பாறாங்கல் ஏற்றும் தொட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இவற்றில் எதை அடித்தாலும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. அதை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். துணியைக் கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள், உரிய சுவாசக் கவசம் வேண்டும்.

ஆகவே இறக்கி வைப்பது 'தொட்டி உள்ளுறை', தெளிப்பது 'காப்புப்பூச்சு'. இப்போது இதே பூச்சைக் கதவுக்குக் கீழேயும் மட்கார்டு மேலும்கூட அடிக்கிறார்கள். அங்கே உட்புறமே இல்லாதபோதும் ஆங்கிலத்தில் 'லைனர்' என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. காப்புப்பூச்சு என்றால் அங்கும் பொருந்துகிறது.