ஒரு ஸ்டாக் பிரேம் எத்தனை பைட்?

வந்தாறுமூலையில் படிக்கும் என் மருமகன், மட்டக்களப்பு வாவியின் படத்துக்கு நீலம் பூசும் சி நிரல் ஒன்றை எழுதிக்கொண்டு வந்தான். கல்லடிப் பாலத்தடியில் ஒரு புள்ளியைக் காட்டினால் போதும். அது நீர் என்றால் நீலமாக்கிவிட்டு, பக்கத்து நாலு புள்ளிகளுக்கும் அந்த ஃபங்ஷன் தன்னையே அழைக்கும். சின்னத் துண்டுப் படத்தில் அழகாக ஓடியது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீள வாவியை முழுதாகக் கொடுத்ததும் செக்மென்டேஷன் ஃபோல்ட்: நினைவகப் பிழை என்று நிரல் பாதியில் நின்றுவிட்டது.

"ஸ்டாக் நிரம்பிட்டுது, அது விளங்குது மாமா. ஆனா ஒரு அழைப்புக்கு 108 பைட்தானே போகும்?" என்றான். உள்ளே 100 எழுத்துக்கு ஒரு அரே (எழுத்துக்கு 1 பைட்), எக்ஸ், வை என்று இரண்டு இன்ட், அதாவது 4 பைட் முழு எண்கள். கூட்டல் சரிதான். ஆனால் நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் இடம் ஒதுக்குவது அந்தக் கூட்டலை வைத்து அல்ல.

ஒரு ஃபங்ஷன் அழைக்கப்படும்போதெல்லாம் அதற்கென்று ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் ஒரு துண்டு ஒதுக்கப்படும். அதுதான் பிரேம். வேலை முடிந்தால் துண்டு திரும்பிப் போய்விடும். இங்கே ஒவ்வொரு புள்ளியும் அடுத்த புள்ளி முடியும்வரை காத்திருப்பதால் துண்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. ஆம், கீழேதான்: நாம் பாவிக்கும் 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஸ்டாக் பெரிய முகவரியிலிருந்து சின்ன முகவரியை நோக்கி இறங்கும். தோணியிலிருந்து கம்பை ஊன்றி ஆழம் பார்ப்பது போல, மேல் முகவரியிலிருந்து கீழ் முகவரியைக் கழித்தால் அளவு கிடைத்துவிடும்.

ஆப்டிமைசேஷன் (நிரலை வேகமாக்கக் கம்பைலர் செய்யும் மாற்றங்கள்) இல்லாமல், டீபக் தகவலோடு கம்பைல் செய்து, ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் ஜிடிபியில் திறந்தோம். ஃபங்ஷனில் பிரேக்பாயின்ட் (நிறுத்துமிடம்) வைத்து, ஓடவிட்டு, இரண்டு மூன்று முறை 'கன்டினியூ' கொடுத்தோம். அப்புறம் 'இன்ஃபோ பிரேம்'. அது தரும் முதல் வரியில் இந்தப் பிரேமின் முகவரி இருக்கும். கொஞ்சம் கீழே, இதை அழைத்த பிரேமின் முகவரியும் இருக்கும். எங்களுக்கு வந்த கடைசி நாலு இலக்கங்கள் 5100, 5190.

"90தானே?" என்றான். இவை பதினறும எண்கள், அதாவது பத்துக்குப் பதில் 16ஐ அடியாகக் கொண்டவை. ஒன்பது பதினாறு, 144.

108 எப்படி 144 ஆனது? முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரிக்கு 8 பைட். அழைத்த ஃபங்ஷனின் பிரேமைச் சுட்டும் ஆர்பிபி ரெஜிஸ்டரைப் பத்திரப்படுத்த இன்னொரு 8. மிச்சம் 20 பைட், அரேயையும் ஸ்டாக்கையும் 16இன் மடங்கில் நிறுத்துவதற்காகக் கம்பைலர் விட்ட இடைவெளி. அரே எல்லை மீறி எழுதப்பட்டதா என்று பிடிக்க உதவும் காவல் எண்ணையும் சில கம்பைலர்கள் அந்த இடைவெளிக்குள்ளேயே வைத்துவிடும். பலர் ஆர்பிபியிலிருந்து, ஸ்டாக்கின் நுனியைச் சுட்டும் ஆர்எஸ்பியைக் கழித்துவிட்டு அதுதான் அளவு என்று நினைப்பார்கள். அப்படிச் செய்தால் இங்கே 128தான் வரும், முதலில் சொன்ன இரண்டு எட்டும் விடுபட்டுப்போகும். பிரேமுக்குப் பிரேம் கழிப்பதே சரி.

இனிக் கணக்கு இலகு. லினக்ஸில் ஸ்டாக்குக்கு வழக்கமான எல்லை 8 மெகாபைட், அதாவது 83,88,608 பைட். 144 ஆல் வகுத்தால் 58,000 அழைப்புகளைக் கொஞ்சம் தாண்டும். ஓரத்தில் ஆயிரம் புள்ளி கொண்ட சதுரப் படத்தில் மொத்தம் பத்து லட்சம் புள்ளிகள். அதில் நீர்ப் புள்ளிகள் 58,000ஐத் தாண்டுவது பெரிய காரியமில்லை.

ஆப்டிமைசேஷனைப் போட்டால் இந்த எண்கள் எல்லாமே மாறும். சில பிரேம்கள் காணாமலே போகும். அதனால், எப்படிக் கம்பைல் செய்து பாவிக்கப்போகிறோமோ அப்படியே ஒருமுறை அளப்பது நல்லது.

அரேயை எடுத்துவிட்டு மறுபடி அளந்தோம்: 32 பைட். இப்போது 2,62,144 அழைப்புவரை தாங்கும், ஆனாலும் பெரிய படத்தில் விழுந்தது. கடைசியில் அவன் தன்னையே அழைக்கும் முறையை விட்டுவிட்டு, காத்திருக்கும் புள்ளிகளை, மல்லாக் என்ற ஃபங்ஷன் மூலம் தனியே கேட்டு வாங்கிய நினைவகத்தில் ஒரு பட்டியலாகப் போட்டான். ஒரு புள்ளிக்கு இரண்டு இன்ட், 8 பைட், அதுவும் ஸ்டாக்குக்கு வெளியே. அன்றிரவு வாவி முழுதும் நீலமானது.