பூட்டுச் சின்னத்தை நம்பிக் காசு போனால் எங்கே போவது?

இணையத்தில் சேலையோ விமானச் சீட்டோ வாங்கப்போய் அட்டையிலிருந்த காசை இழந்தவர்கள் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். வங்கியில் கேட்கும் முதற் கேள்வி, "ஓடிபி குடுத்தனீங்களோ?" ஓம் என்றதும் கதையை முடிக்கப் பார்ப்பார்கள். நீங்கள் அதோடு எழும்பி வரக்கூடாது.

முதலில், உலாவியில் தள முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் அந்தப் பூட்டு. உங்கள் போனுக்கும் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை வேறொருவர் வாசிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். தளத்தை நடத்துபவர் நேர்மையானவரா என்று, அந்தப் பூட்டுக்குப் பின்னாலுள்ள பாதுகாப்புச் சான்றிதழ் சொல்வதில்லை. டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) தன் கையில் இருக்கிறது என்று காட்டினால், சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடம் எவரும் இலவசமாக எடுக்கலாம், மோசடிக்காரரும் எடுக்கிறார்கள். தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் போலிப் பொதி இணைப்புகளிலும் பூட்டு இருக்கலாம். மக்கள் இதைத் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள் என்றுதான் குரோம் 2023 இல் அந்தச் சின்னத்தையே மாற்றியது.

சட்டம் உண்டு: 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். குறியாக்கம் (பிறர் வாசிக்க முடியாதபடி தகவலை மாற்றுவது) போன்ற வழிகளால் வாடிக்கையாளர் தரவைக் காக்கும் பொறுப்பை வியாபாரிமேல் வைக்கிறது. 2025 மார்ச்சில் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வர இருந்தன, தள்ளிவைத்தார்கள். எப்படியும் அதில் விதிக்கும் தண்டப்பணம் உங்கள் கைக்கு வராது. காசு வேண்டுமானால் வேறு கதவுகளைத் தட்ட வேண்டும்.

உடனே வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள். அன்றைக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுத்து இலக்கம் வாங்குங்கள். "பாக்கிறம்" என்ற வாய்ப்பேச்சுக்குப் பின்னால் எந்தப் பதிவும் இருக்காது. கிளையில் "கொழும்புதான் பாக்க வேணும்" என்றால் தலைமையகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். வங்கி கைவிரித்தால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். நேரே அங்கே போனால், முதலில் வங்கியிடம் கேளுங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். அதனால்தான் அந்த எழுத்து முக்கியம்.

பொலிஸிலும் இதே அலைச்சல்தான். "இது கணினிக் குற்றம், கொழும்புக்குப் போங்கோ" என்பார்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109 ஆம் பிரிவின்படி நீங்கள் சொல்வதை அங்கேயே எழுத வேண்டும். தமிழில் சொல்லுங்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கம் இல்லாமல் வெளியே வராதீர்கள். தளத்தின் முழு முகவரி தெரியும் ஸ்கிரீன்ஷொட், வந்த எஸ்எம்எஸ் எல்லாம் வைத்திருங்கள். போலித் தளங்கள் கெதியில் மறைந்துவிடும்.

காசு கட்டியும் பொருள் வரவில்லையா? நுகர்வோர் அதிகாரசபையின் இலக்கம் 1977. ஆனால் எழுத்து முறைப்பாடு 3 மாதத்துக்குள் போக வேண்டும். "அடுத்த கிழமை அனுப்புறம் அக்கா" என்று விற்பவர் இழுத்தடித்தே அந்தக் காலத்தைக் கடத்திவிடுகிறார். இரண்டாவது சாக்கு வந்ததுமே எழுதிவிடுங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சான்றிதழை ஒருமுறை போட்டுவிட்டு மறக்கும் காலம் போய்விட்டது. 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படுபவை அதிகபட்சம் 200 நாள்தான் செல்லும், 2029 மார்ச்சிலிருந்து 47 நாள். தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்து தரும்படி தளம் செய்தவரிடம் கேளுங்கள். அப்புறம், வட்சப்பில் அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்வதை இன்றோடு விடுங்கள். எந்தச் சான்றிதழாலும் அந்தப் படத்தைக் காக்க முடியாது.