ஏலகிரியில் உப்பிய பொட்டலமும் அடைத்த தளத்தின் காற்றும்

வேலூரில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே சேரும்போது தலையணை போல உப்பியிருக்கும். ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிடுவதே காரணம். ஆனால் அங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். குறைவது அதன் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜன் மட்டும் தருகிற பங்கு. கடல் மட்டத்தில் 21 கிலோபாஸ்கலாக இருக்கும் அது, ஏலகிரியில் சுமார் 18.6 ஆகிறது. நம் நுரையீரலுக்குப் பொருட்டு இந்த எண்தான், சதவீதம் அல்ல.

பொட்டலத்தைப் போலவே, மனிதர் வாழக் காற்றுப் புகாமல் அடைத்த தளத்துக்கும் அழுத்தம்தான் சிக்கல். அப்படியொரு விண்வெளித் தளத்தின் மாதிரியை வேலூர் வெயிலில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். காலையில் 25 டிகிரியில் காற்றுப் புகாமல் அடைத்த தளத்தில், குளிரூட்டி நின்றுபோய் வெப்பம் 42 டிகிரியைத் தொட்டால், உள்ளழுத்தம் ஏறக்குறைய 6 கிலோபாஸ்கல் கூடும். கேட்கச் சிறிதாகத் தோன்றும் இந்த எண், ஒரு சதுர மீட்டர் கண்ணாடியின் மீது கிட்டத்தட்ட 590 கிலோ எடையை ஏற்றி வைத்ததற்குச் சமம். அமெரிக்காவின் அரிசோனாவில் 1991-இல் எட்டுப் பேர் இரண்டாண்டு வாழப் புகுந்த ‘பயோஸ்பியர் 2’ கட்டடத்தில், இதற்காகவே ‘நுரையீரல்கள்’ எனப்பட்ட தனி அறைகள் இருந்தன. அவற்றிலிருந்த பெரிய ரப்பர் விரிப்பு, காற்று விரியும்போது மேலெழுந்து, சுருங்கும்போது கீழிறங்கும்.

வாயுக் கலவையைக் காப்பது இதைவிட நுட்பமான வேலை. ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 0.84 கிலோ ஆக்சிஜனைச் செலவிட்டு, ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். அதை வடிகட்டி உறிஞ்சி நீக்கிவிட்டால் தளத்தின் மொத்த அழுத்தமும் மெல்ல இறங்கும். சுவரில் கசிவு இருந்தாலும் அழுத்தம் இறங்கத்தான் செய்யும், ஆனால் அப்போது நைட்ரஜனும் சேர்ந்தே வெளியேறும். ஆகவே அழுத்தமானி இறக்கத்தைக் காட்டியவுடன் ஆக்சிஜன் உணரியைப் பார்க்க வேண்டும்: ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் குறைந்திருந்தால் ஆக்சிஜன் வால்வு, அது சரியாக இருந்தும் மொத்த அழுத்தம் போதவில்லையென்றால் நைட்ரஜன் வால்வு. தொல்லையே வேண்டாமென்று ஆக்சிஜனை மட்டும் நிரப்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதை 1967 ஜனவரி 27-இல் தரைச் சோதனையின்போது தூய ஆக்சிஜன் நிரப்பிய அமெரிக்காவின் அப்பல்லோ 1 விண்கலத்தில் பற்றிய தீ காட்டியது, மூவர் இறந்தனர்.

பயோஸ்பியரில் கோளாறு வேறு விதமாக வந்தது. எரு மிகுந்த மண்ணில் பெருகிய நுண்ணுயிரிகள் ஆக்சிஜனைத் தின்றன. அவை வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதியைக் கான்கிரீட் சுவர்கள் உறிஞ்சிச் சுண்ணாம்புக் கார்பனேட்டாக மாற்றிக்கொண்டன. ஆக்சிஜன் போன இடம் அதனால் உடனே புலப்படவில்லை. அதன் அளவு 14 சதவீதத்தை நெருங்கி, உள்ளே இருந்தவர்கள் படியேறவே மூச்சு வாங்கிய நிலையில், 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜனைச் செலுத்தினார்கள்.