ஆடிப் பண்டிகையும் மூக்கில் முளைத்த பாசிப்பயறும்

சேலத்தில் காது, மூக்கு, தொண்டை மருத்துவம் பார்க்கும் எனக்கு ஆடி பிறந்ததை நாட்காட்டி சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமெடுத்த சளி ஒழுகும் எல்.கே.ஜி. குழந்தைகள் வரத் தொடங்கினால், தேங்காய் சுட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது என்று பொருள்.

ஆடி முதல் நாளில் தேங்காயின் கண்ணைத் துளைத்துப் பாசிப்பயறும் பொட்டுக்கடலையும் எள்ளும் வெல்லமும் நிரப்பி, அழிஞ்சில் குச்சியில் செருகிச் சுடுவது நம் பக்கத்து வழக்கம். மழலையர் வகுப்பில் நெருப்பு கூடாது என்பதால், தேங்காய் வடிவத்தில் வெட்டிய அட்டையில் கோந்து தடவிப் பயறுகளை ஒட்டச் செய்கிறார்கள். விரல் நுனிகளால் சிறு பொருளைப் பிடித்துப் பழகுவது எழுதப் பழகுவதற்கு முந்தைய படி என்பதால், அந்தச் செயல்பாட்டின் நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் முப்பது குழந்தைகளுக்கு முன்னால் முப்பது கிண்ணம் பயற்றை வைத்துவிட்டு, ஒரு மிஸ்ஸும் ஓர் ஆயாவும் மட்டும் அறுபது கைகளைக் கவனிக்க முடியும் என்று நம்புவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த ஆண்டு வந்த நான்கரை வயதுச் சிறுமிக்குப் பன்னிரண்டு நாட்களாக வலது மூக்கு ஒழுகியிருக்கிறது. ஆடிக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாயி கைவைத்தியம் செய்திருக்கிறார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி மருந்து இரண்டு புட்டி தீர்ந்திருக்கிறது. குழந்தையைத் தாயின் மடியில் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, முனை வளைந்த மெல்லிய கருவியைப் பொருளுக்குப் பின்னால் கொண்டுபோய் முன்னுக்கு இழுத்தபோது, தோல் கழன்று உப்பிப்போன ஒரு பாசிப்பயறு தட்டில் விழுந்தது. அதன் நுனியில் அரிசியின் முனையளவு வெள்ளை முளை இருந்தது. அழுகையை நிறுத்திவிட்டுத் தட்டை எட்டிப் பார்த்த குழந்தை, “மொளச்சிருச்சு!” என்றாள். அதற்கு முந்தைய வாரம் வகுப்பில் ஈரப்பஞ்சில் பயறு வைத்து முளைக்கவிடும் பாடம் நடந்ததாம்.

விவரம் சொல்லலாம் என்று பள்ளியை அழைத்தபோது, “பிளாஸ்டிக் மணி எதுவும் நாங்கள் கொடுப்பதில்லை மேடம், எல்லாம் இயற்கையான பொருள்தான்” என்ற பதில் வந்தது. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன். மூக்கில் போன பிளாஸ்டிக் மணி, போன அளவிலேயே கிடக்கும். பயறு அப்படிக் கிடக்காது. இரவில் ஊறவைத்த கொண்டைக்கடலை காலையில் ஏறக்குறைய இரு மடங்கு எடை கூடியிருப்பது சுண்டல் செய்யும் எல்லோருக்கும் தெரியும். ஈரமும் வெதுவெதுப்பும் இருட்டும் இருந்தால் விதை உப்பி முளைக்கும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே ஆசிரியர், அந்த மூன்றும் ஒருசேர இருக்கும் இடம் மூக்கு என்பதை மறந்துவிடுகிறார். வழுவழுப்பான மணி பல நேரங்களில் எளிதாக வந்துவிடும். ஊறிய பயறோ கருவி பட்டதும் நசுங்கிப் பிட்டுப்பிட்டாக உதிரும், சுற்றியுள்ள சவ்வு வீங்கிப் பிடித்துக்கொள்ளும். இயற்கையானது என்பதால் அது பாதுகாப்பானதாகிவிடாது. பொம்மைகளுக்கு 2021 ஜனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மையின் சிறு பாகம் 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குள் அடங்கினாலே அது தேறாது. மளிகைக்கடையிலிருந்து வகுப்பறைக்கு வரும் பயற்றுக்கு அப்படி எந்தச் சோதனையும் இல்லை.

மூக்கோடு போனால் தப்பித்தோம் என்றுதான் சொல்வேன். வாயில் போட்ட கடலை, சிரிக்கும்போதோ ஓடும்போதோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால், சில நிமிடம் கடும் இருமல் வந்து பிறகு அடங்கிவிடும். அந்த அமைதியில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். எக்ஸ்ரேயில் பயறு தெரியாது. நிலக்கடலையின் எண்ணெய் மூச்சுக்குழாய்ச் சவ்வைப் புண்ணாக்கும். வாரக்கணக்கில் வீசிங் என்று நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் குழாய்க் கருவி செலுத்திப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியில் கடலையை எடுத்திருக்கிறோம்.

ஆடியோடு இது முடிவதில்லை. சேலம் என்றாலே ஜவ்வரிசி என்பதால், சாயம் தோய்த்த ஜவ்வரிசியில் மயிலும் தாமரையும் ஒட்டுகிறார்கள். நவராத்திரிக்கு முழுக்கடலைச் சுண்டல். கிறிஸ்துமஸுக்குப் பனி என்று தெர்மாக்கோல் உருண்டை. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் எண்ணிப் பழகக் கொடுத்த காப்பிக்கொட்டை ஒரு சிறுவனின் மூக்கில் போய்விட, அவன் அப்பா கொண்டை ஊசியால் எடுக்கப் பார்த்து இன்னும் உள்ளே தள்ளி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி என்னிடம் வந்தார். எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது கார்த்திகை தீபத்துக்கு வரும் பேட்டரி அகல்விளக்கை. நெருப்பு ஆபத்து என்று அதை வாங்குகிறார்கள். மூடி கழன்றால் உள்ளே இருப்பது பட்டன் பேட்டரி. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அது திசுவை அரிக்கத் தொடங்கும். மூக்கில் இருந்தால் நடுச்சுவரையே ஓட்டையாக்கிவிடும். அதற்குக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதே கிடையாது.

ஆசிரியர்களே, ஒட்டுவதற்கு மாங்கொட்டை, கொட்டாங்குச்சி, சோளத்தட்டை, சில்வர் ஓக் இலை என்று பெரிதாக எத்தனையோ நம் ஊரிலேயே கிடைக்கின்றன. பயறுதான் வேண்டும் என்றால், ஐந்தைந்து குழந்தைகளாக மேசைக்கு அழைத்து, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். சுண்டலை மசித்து, உட்காரவைத்து ஊட்டுங்கள். திருகாணி இல்லாத மூடியுடைய பேட்டரி விளக்கை வகுப்புக்குள் விடாதீர்கள்.

பெற்றோர்களே, ஊக்கு, பட்ஸ், எண்ணெய், சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். காதில் பயறு போயிருந்தால் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். இருமுகிற குழந்தையை இருமவிடுங்கள். ஒரு வயதைக் கடந்த குழந்தை இருமவோ அழவோ முடியாமல் திணறினால், முன்னால் சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வராவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டி வைத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்துகொண்டிருக்கும்போதே ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை வாய்க்குள் விரல்விட்டுத் துழாவாதீர்கள்.

தயவுசெய்து குழந்தையை அடிக்காதீர்கள். அந்தச் சிறுமி பன்னிரண்டு நாட்களும் வாய் திறக்காததற்குக் காரணம், முந்தைய முறை சிலேட்டுக் குச்சியை மூக்கில் வைத்ததற்காக வாங்கிய அடி என்று அவளுடைய அம்மாவே என்னிடம் சொன்னார்.