உங்கள் டேட்டாவில் கம்பெனி தலையிட முடியுமா? நெட் நியூட்ராலிட்டி விதி என்ன சொல்கிறது

ரீசார்ஜ் செய்து வாங்கிய டேட்டாவில் நீங்கள் படம் பார்க்கலாம், பாடம் படிக்கலாம், வாட்ஸ்அப்பில் பேசலாம். எதற்குச் செலவழிக்கிறீர்கள் என்று பார்த்து விலையையோ வேகத்தையோ மாற்ற, இணைப்பு தரும் நிறுவனத்துக்கு உரிமை கிடையாது. இதுதான் நெட் நியூட்ராலிட்டி. இந்தியாவில் இதற்கு முறையான விதியே இருக்கிறது.

அது சும்மா வந்துவிடவில்லை. 2014 டிசம்பரில் ஏர்டெல், இணையவழி அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது; எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதுபற்றிக் கருத்துக் கேட்டபோது, நெட் நியூட்ராலிட்டியை ஆதரித்து 10 லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் குவிந்தன. அதே ஆண்டு ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து, தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் சில தளங்களை மட்டும் இலவசமாகத் திறந்துவிட்டது. பின்னால் இதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இலவசம்தானே, அதில் என்ன தப்பு என்று தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலில் இடம்பெற ஃபேஸ்புக் வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். மதுரையில் ஒருவர் வேலைவாய்ப்புத் தளம் ஒன்றைப் புதிதாகத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இருக்கும் போட்டித் தளம் இலவசம், இவருடையதைத் திறந்தால் காசு போகும். எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் யார் வருவார்கள்? இந்த விவாதத்தின் உயிர்நாடி இதுதான் என்பேன்.

2016 பிப்ரவரி 8 அன்று டிராய் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டா கட்டணத்தை மாற்றக் கூடாது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். அவசர காலச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு. இது விலையைப் பற்றியது. வேகத்தைக் குறைப்பது, தடுப்பது, ஒரு தளத்துக்கு மட்டும் முன்னுரிமை கொடுப்பது ஆகியவற்றுக்கு எதிரான விதிகளை அரசு 2018-இல் ஏற்று, நிறுவனங்களின் உரிம நிபந்தனைகளிலேயே சேர்த்தது.

எல்லாமே விதிமீறல் ஆகிவிடாது. தினசரி டேட்டா தீர்ந்ததும் எல்லாமே மெதுவானால் அது பேக்கின் நிபந்தனை. அரசோ நீதிமன்றமோ உத்தரவிட்டுத் தடுத்த தளத்துக்கும் இந்த விதி பொருந்தாது. அப்புறம், நெட்வொர்க் நெரிசலைச் சமாளிக்க நியாயமான அளவில் டேட்டா போக்குவரத்தைச் சீர்செய்யவும் நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு.

ஒரே ஒரு ஆப் மட்டும் மெதுவாக இழுக்கிறதா? அதே நேரத்தில், அதே இடத்தில், வேறு நிறுவனத்தின் சிம்மில் திறந்து பாருங்கள். அங்கேயும் இழுத்தால் கோளாறு அந்த ஆப்பிலேயே இருக்கலாம். உங்கள் சிம்மில் மட்டும் திரும்பத் திரும்ப நடந்தால் நேரம், இடம், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு 198-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். புகார் எண்ணை மறக்காமல் வாங்குங்கள். பதில் சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை.

விவாதம் இன்னும் முடியவில்லை. அதிக டேட்டா இழுக்கும் பெரிய தளங்கள் நெட்வொர்க் செலவில் பங்கு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்கின்றன. அந்த டேட்டாவுக்கு நாம் ஏற்கெனவே ரீசார்ஜில் பணம் கட்டிவிட்டோம். ஒரே டேட்டாவுக்கு இரண்டு பக்கமும் வசூலிப்பதை நான் ஏற்க மாட்டேன். அந்தச் செலவு கடைசியில் அந்தத் தளங்களின் சந்தா உயர்வாக நம் தலையில்தான் விடியும்.